வாடகை இல்லாத காம்பரா

மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளோடு வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்தேன். கடைசியாகப் பார்த்த அறையில் புதுப் பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது. கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. வீட்டுக்காரம்மா சொன்ன வாடகையைக் கேட்டு, "மாசத்துக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

"ஹட்டன் வெலையிலயே நில்லுங்க நீங்க," என்று படியிறங்கும்போது திட்டினாள்.

ஹட்டன் விலை என்று ஒன்று இருந்ததா என்ன? இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்து மாறும். நான் வாடகைக்குப் போன முதல் அறையிலும் இதே பெயின்ட் வாடைதான்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு மலைநாட்டு ஹட்டன் டவுனில் ஆசிரியை நியமனம். எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு மணி நேர நடை. முதல் மாதத்திலேயே மூன்று நாள் நனைந்த சேலையோடு பாடம் நடத்தினேன். பிள்ளைகள் சிரிக்காமல் இருந்தது அவர்களுடைய பெருந்தன்மை.

"டவுன்ல ஒரு ரூம் பாரு புள்ள," என்றார் அம்மா.

என்னோடு படிப்பித்த ராகினி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. ஓர் இரும்புக்கடை முதலாளி வீட்டுப் பின்கட்டில் எண்ணூறு ரூபாய் வாடகைக்கு இருந்தார். பக்கத்து அறை காலி. அதே அளவு, அதே ஜன்னல். போனேன். முதலாளி நல்ல மனிதர்தான். பால் தேத்தண்ணி கொடுத்தார்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

நான் சும்மா டிக்கோயா என்று சொல்லியிருக்கலாம். தபால் உறையில் எழுதுவதுபோல் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முதலாளி என் செருப்பைப் பார்த்தார்.

"ரூம் ஆயிரத்து இருநூறு. அதோட, தோட்டத்து ஆளுங்க வந்து போறது, தங்குறது எல்லாம் நமக்குச் சரிவராது."

இந்த இடத்தில் நான் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசை. நான் செய்தது, "சரிங்க, ரொம்ப நன்றிங்க," என்று சொல்லி முன்பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தது.

ராகினி டீச்சர் கேட்டுவிட்டுக் கொதித்தார். "உமக்கென்ன விசரே? நான் நேற்றும் எண்ணூறுதான் குடுத்தனான்!"

அவர் ஊர்க் கதை இன்னும் விசித்திரம். "எங்கட வீடு பூட்டிக் கிடக்குது. ஆரும் வந்து விளக்குக் கொளுத்திக்கொண்டு இருந்தால் காணும், காசு வேண்டாம். எங்கட அண்ணை வெள்ளவத்தையிலை ஒரு அறைக்கு ஒரு வருசக் காசை முன்னாலயே கட்டிப்போட்டு நிக்கிறார்." யுத்தம் ஓரிடத்தில் வீடுகளைக் காலியாக்கி இன்னோரிடத்தில் வாடகையை ஏற்றியிருந்தது. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் பத்து மாதம் குடியிருந்தவரையும் கிளப்பிவிட்டு, கார் வைத்திருப்பவர்களுக்கு நாள் கணக்கில் விடுவார்கள். வலப்பனையில் அதே காசுக்குக் காய்கறித் தோட்டத்தோடு வீடே கிடைக்குமாம். இதெல்லாம் எங்கள் ஆசிரியர் அறைப் பேச்சு. எங்கள் லயத்துக்கு மட்டும் அதில் விலை இல்லை. தோட்டத்தில் வேலை செய்தால் லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு; வேலை நின்றால் காம்பராவும் நின்றுவிடும்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்கு வேலை நின்றது. அப்பா முன்பே இறந்துவிட்டார். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம்: வீட்டில் தோட்டத்து வேலையாள் எவரும் இல்லாததால் காம்பராவை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

எங்கே தங்கவைப்பேன் என்று தெரியாமலே அம்மாவைக் கூட்டிப்போக ஒரு வெள்ளிக்கிழமை மேலே ஏறினேன். அவர் காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒன்னைய அந்த மொதலாளி இப்புடி ஒரு மாசத்துல கெளப்ப முடியுமா?"

"சட்டுன்னு முடியாதும்மா. வாடகை கட்டுறேன்ல? ரசீது இருந்தா சட்டம் நம்ம பக்கம்."

"எங்க, அந்த ரசீதக் காட்டு."

இல்லை. இரண்டு வருடத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை. அம்மா கீரைத் தண்டை முறித்த சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை வெள்ளைச் சேலை கட்டி, முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு ஆபீசுக்கு நடந்தார். "வேணாம்மா, அசிங்கமாப் போயிரும்," என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். பட்டதாரி ஆசிரியை நான்.

தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை மேசையில் இருந்தார். அம்மா பணத்தை அவர் முன்னால் வைத்தார்.

"காம்பரா வாடகைங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க. கொறஞ்சா தாறேன். ரசீது மட்டும் போட்டுக் குடுங்க."

"லயத்துக்கு வாடகை இல்லையே, பாக்கியம். அது தோட்டம் சும்மா குடுக்கிறது."

"சும்மாவா? முப்பத்தஞ்சு வருசம் மழையிலயும் அட்டைக் கடியிலயும் கொழுந்து எடுத்தது சும்மாவா? அதுதாங்க வாடகை. நான் கட்டிட்டேன். இனிமே உள்ளதுக்கு இந்தா காசு."

கிளாக்கர் ரசீதுப் புத்தகத்தைத் தொட்டார். சின்னத்துரை தலையை அசைத்துத் தடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுத்தால் அம்மா குடியிருப்பவர் ஆகிவிடுவார். அந்தக் கடதாசிக்கு அவர்கள் பயந்தார்கள்.

"ரசீது குடுக்க முடியாது," என்றார் சின்னத்துரை.

"அப்ப நானும் போக முடியாது," என்றார் அம்மா. பணத்தை எடுத்து முடிந்துகொண்டார்.

அன்று மாலையே ஹட்டனுக்கு இறங்கி முதலாளியிடம் ரசீது கேட்டேன். குரல் நடுங்கியது, கேட்டேன். "நமக்குள்ள என்னா டீச்சர் ரசீது?" என்று சிரித்தார். ராகினி டீச்சர் வாசலில் வந்து நின்று, "எனக்கும் ஒண்டு எழுதுங்கோ," என்றார். ஒரே மாதிரி இரண்டு அறைக்கு இரண்டு விதமாக எழுத முதலாளியின் பேனா ஓடவில்லை. நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இரண்டிலும் எண்ணூறு என்று எழுதினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து என் அறையில் மூன்று நாள் தங்கினார். முதலாளி மனைவி ரசப்பொடி கேட்டு வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதம் முதலாம் தேதியும் அம்மா ஆபீசுக்குப் போனார். பணத்தை வைப்பார், ரசீது கேட்பார், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு திரும்புவார். சின்னத்துரைகள் மூன்று பேர் மாறினார்கள். இன்னும் இரண்டு கடிதம் வந்தது. அம்மா அந்தக் காம்பராவில் ஒன்பது வருடம் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கிளாக்கர் ஒரு பத்திரத்தோடு வந்தார். காம்பராவைத் தோட்டத்திடம் ஒப்படைக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"எங்கம்மா ஒப்படைக்கலைங்க. செத்துப்போனாங்க. அப்புடி எழுதிக்கிட்டு வாங்க," என்றேன். இந்த முறை குரல் நடுங்கவில்லை. அவர் திரும்ப வரவேயில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. தகரத்தைக் கழற்றி, சுவரை இடித்து, தண்ணீர் பிடிக்கும் பீலியடியையும் மண் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் காம்பரா இருந்த இடத்தில் தேயிலை இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல்தான் நட்டிருக்கிறார்கள்.