பஞ்சுச் சுவர்

கணபதி பகுதியில் எங்கள் வீட்டுக்கும் என் பம்புப் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் தகடு வெட்டும்; இந்தப் பக்கம் என் மனைவி இதயம் வீங்கிப் படுத்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு தூக்கிப்போடும். மெஷினை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். சுவரையே சரிக்கட்டிவிடலாம் என்கிற திமிர் எனக்கு.

சினிமா தியேட்டர் சுவர்களில் சத்தத்துக்காகப் பஞ்சுப் பலகை அடிக்கும் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்பு செய்கிறவனுக்குப் பலகை அடிக்க வராதா? மரச்சட்டம் செய்து, மில் கழிவுப் பஞ்சை அடைத்து, மேலே சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, அவள் அறையின் நாலு சுவரிலும் கூரையிலும் நானே பொருத்தினேன்.

பிரஸ் அடி முன்னைப்போலவே கேட்டது.

"இப்பக் கொஞ்சம் தேவலையா?" என்றேன்.

"தேவலைங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சுத்தியலோடு நின்றதைப் பார்த்தவள் வேறென்ன சொல்வாள்?

தலைமாட்டில் ஒரு கைமணி வைக்கிறேன் என்றதற்கு மட்டும் சிரித்தாள். "நானென்ன மாடுங்களா, மணி கட்டறதுக்கு?"

கூப்பிட வேண்டுமென்றால் 'ஏனுங்க' என்பாள், அதுவும் மெல்ல. பட்டறை ஆட்கள் காதில் விழும்படி குரலெடுப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. அந்த மெல்லிய குரலே முன்பெல்லாம், மெஷின் ஓடும்போதுகூட, அடுப்படியில் இருக்கும் என் அக்காவுக்குக் கேட்டுவிடும்.

ஒரு நாள் காலை டீக்காக மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரொம்ப நேரமாக் கூப்பிட்டனுங்க," என்றாள்.

அக்கா அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் காதிலும் விழவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், காரிலேயே, என் தோளில் சாய்ந்தபடி மனைவி போய்விட்டாள். எத்தனை தரம் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் தியேட்டருக்குப் பலகை அடிக்கிறவரும் இருந்தார். அந்த அறையில்தான் உட்கார வைத்தோம். தொழில் புத்தி போகுமா? லேசாகக் கை தட்டிப் பார்த்தார். பலகையை விரலால் அமுக்கினார்.

"அந்தப் பக்கத்துச் சத்தத்த இது நிறுத்தாதுங்களே. உள்ள எழும்பற சத்தத்தத்தான் குடிக்கும்," என்றார்.

பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஆனா வேலை சுத்தமுங்க. இங்க மெல்லப் பேசினா ஒரு சொல்லு வாசப்படி தாண்டாதுங்க," என்றார்.