தாமரை ஏறிய மோரிஸ் மைனர்

செந்தூலில் அந்த அடுக்குமாடிக்குப் போய்த் தம்புசாமி வீடு எது என்று கேட்டால், "எந்தத் தம்புசாமி, ஸ்கூல் வேனா, பழைய காடியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். இருபத்தாறு வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். தலைமையாசிரியர் லேட்டாக வந்ததுண்டு, தம்புசாமியின் வேன் லேட்டாக வந்ததில்லை. அவர் படித்தது ஃபாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவரைத் தாங்கவில்லை.

பழைய காடி வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். செமினியில் ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த மோரிஸ் மைனர் கார். வாங்கப் போனபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். "கோழியும் சேர்த்துத்தானே விலை?" என்று தம்புசாமி கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கிறார். அவர் மனைவி புனிதா மறுக்கவில்லை.

தகரம் தட்டினார், துரு சுரண்டினார், பச்சைப் பெயிண்ட் அடித்தார், சீட்டு தைத்தார். பள்ளி விடுமுறை என்றால் ஊரார் பினாங்கு போவார்கள். இவர் காருக்கு அடியில் போவார். ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்து, கதவுத் தகரத்தில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம் என்கிற அளவுக்கு வண்டி பளபளத்தது. ஒரே ஒரு குறைதான். ஓடவில்லை.

பின்னால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை முன்னால் எஞ்சினுக்கு இழுத்துவிடுவது தேங்காய் அளவு மின்சாரப் பம்பு ஒன்று. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடிக்கும். அதன் தலைக்குள் சின்னதாக ஒரு பாயிண்ட் உண்டு, அது ஒட்டி ஒட்டிப் பிரிந்தால்தான் பம்பு அடிக்கும். தம்புசாமியின் பாயிண்ட் கருகிப்போயிருந்தது. ஐந்து டிக் அடிக்கும், பிறகு மௌன விரதம். ஸ்பானரால் தலையில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் ஐந்து டிக்.

இதற்கு நடுவில்தான் மகள் தாமரையின் கல்யாணம் நிச்சயமானது. தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபம். நிச்சயதார்த்தச் சாப்பாட்டில், அத்தனை பேர் முன்னால், தம்புசாமி ரசத்தை உறிஞ்சிவிட்டு அறிவித்தார்:

"பொண்ணு நம்ம மோரிஸ்லதான் மண்டபத்துக்குப் போவுது."

புனிதாவின் தம்பி முகுந்தன் சிரித்தான். சுபாங்கில் பங்களா, வாசலில் கறுப்பு பென்ஸ் வைத்திருக்கிறவன். அவன் சிரித்தால் கூடவே நாலு பேர் சிரிப்பார்கள்.

"மாமா, பிள்ளைய மண்டபத்துக்கு அனுப்புறீங்களா, இல்ல நடுரோட்டுல தள்ள விடுறீங்களா?"

"நீ தள்ள வா மச்சான், தொப்பையாவது குறையும்."

"பென்ஸ கழுவி, பூ வெச்சு, ரெடியா நிறுத்தி வைக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும் லா."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' தம்புசாமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மகளைப் பார்த்தார். தாமரை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறவள், பேச்சில் வழவழப்பு கிடையாது.

"அப்பா, காடி தானா ஓடி நம்ம பிளாக் வாசல்ல வந்து நின்னா நான் ஏறுறேன். ஆள் தள்ளி வந்தா மாமா காடிதான். சேலைய கட்டிக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாது."

"வந்து நிக்கும்மா," என்றார். சொல்லிவிட்டார். இனி சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

அன்றிலிருந்து பாயிண்ட் வேட்டை. இணையத்தில் வரவழைத்தார், வேறு மாடல் வந்தது. திருப்பி அனுப்பி மறுபடி வரவழைத்தார், அதே வேறு மாடல் மறுபடி வந்தது. சுங்கை பூலோவில் ஒரு மெக்கானிக், "இதெல்லாம் எதுக்கு அண்ணே, புதுப் பம்பு போடுவோம்" என்று ஜப்பான் கார் பம்பு ஒன்றை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் அது அடித்த வேகத்தில் கார்புரேட்டர் நிரம்பி, பெட்ரோல் வழிந்து, தரையெல்லாம் ஓடியது. பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஆள் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் அங்கே நடித்துக் காட்டுகிறார்கள். தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்ட, தீயணைக்கும் பொம்பா குழாயைப் பிடித்த கதை. பழைய பம்புதான் அந்த வண்டிக்குச் சரி என்பது அன்று முடிவாயிற்று.

கடைசியில் கிள்ளானில் ஸ்டானிஸ்லாஸ் கடை. ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடை. மூக்கும் முகமும் மட்டும் இருக்கும் கார்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. மாதா கோயில் பூசைக்குக்கூட அவர் அதே நாற்காலியில்தான் போவார் என்று பரிகாசம். ஆனால் கிள்ளானில் முன்பு வெள்ளைக்காரக் கார் சாமான் விற்ற கடை ஒன்று மூடியபோது, அதன் பெட்டிகளை மொத்தமாக வாங்கிப் பின்னால் போட்டு வைத்திருந்தார். அது காதில் விழுந்துதான் தம்புசாமி போனார்.

"பாஸ், மோரிஸ் மைனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. ஒரிஜினல்," என்று மார்பை நிமிர்த்திச் சொல்லி, போனில் காரின் படத்தைக் காட்டினார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, புனிதா சாய்ந்து நிற்பது, புனிதா சாயாமல் நிற்பது.

"அழகாத்தான் இருக்கு அண்ணே. சாம்பிள் எங்க?"

"சாம்பிள் எதுக்கு? பேர்தான் சொல்றேனே."

"பேர வெச்சு நான் என்ன பண்றது? பெட்டியில ஒட்டியிருந்த சீட்டெல்லாம் கரையான் தின்னுடுச்சு. எது எந்தக் காடிக்குன்னு எனக்கே தெரியாது. பழைய சாமான கொண்டாங்க, பக்கத்துல வெச்சுப் பாத்துத் தேடுவோம்."

தம்புசாமி கொண்டுபோகவில்லை. ஒருமுறை பாசாரில் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்து, உள்ளே வேறு மிஷினோடு திரும்பி வாங்கியவர். கருகிய பாயிண்டாக இருந்தாலும் ஒரிஜினல் ஆயிற்றே! கொடுத்துவிட்டு வந்தால் வேறு மோரிஸ்காரனுக்கு விற்றுவிட்டால்? பம்பின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி, நீல நிற பிஸ்கட் டின் ஒன்றில் போட்டார். பழைய இரும்பு வாங்கும் லோரி வந்தால் புனிதா கையில் கிடைப்பதையெல்லாம் தூக்கிப் போடுகிறவள் என்பதால், அந்த டின்னை அலமாரி உச்சியில் ஒளித்தும் வைத்தார். நாலு தடவை கிள்ளான் போனார், நாலு தடவையும் படம் காட்டினார், நாலு தடவையும் ஸ்டானிஸ்லாஸ் "சாம்பிள்?" என்றார்.

தீபாவளி வந்தது. புனிதா முறுக்கு சுட்டு, அதே மாதிரி நீல டின்களில் அடைத்து, அதே அலமாரி உச்சியில் அடுக்கினாள். எந்த வீட்டிலும் அந்த டின்னுக்கு வேறு இடம் கிடையாது. தீபாவளிக்கு முந்தின நாள் தம்புசாமி ஒரு திட்டம் போட்டார். ஸ்டானிஸ்லாஸ் கிறிஸ்தவர், வீட்டில் தீபாவளி முறுக்கு கிடையாது. முறுக்கு டின் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தால் மனுஷன் மனம் இளகி, சாம்பிள் கேட்காமல் எழுந்து தேடுவார். உச்சியிலிருந்து ஒன்றை எடுத்தார். கனத்தது. புனிதா அதிரசமும் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் அதிரசம் கனக்கும் என்பது செந்தூலுக்கே தெரிந்த விஷயம்.

கிள்ளானில் டின்னை இரண்டு கையாலும் நீட்டினார். "வீட்டுல செஞ்சது பாஸ். ஆற அமரச் சாப்பிடுங்க."

ஸ்டானிஸ்லாஸ் வாங்கி மேசையில் வைத்தார். எழவில்லை. தம்புசாமி வாடிய முகத்தோடு வீடு திரும்பினார்.

தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சட்டை போட்டு, பாயிண்டையாவது உப்புத்தாள் வைத்து ஒருமுறை தேய்த்துப் பார்ப்போம் என்று தன் டின்னைத் திறந்தார். முறுக்கு. அடுத்ததைத் திறந்தார். முறுக்கு. எல்லாவற்றையும் திறந்தார். ஊருக்கே போதுமான முறுக்கு.

"புனிதா! என் பம்பு எங்க?"

"உங்க பம்ப நான் ஏன் தொடுறேன்? நேத்து நீங்கதான் ஒண்ணைத் தூக்கிட்டுப் போனீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரிஜினலும் போயிற்று, அதுவும் யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று நினைத்தாரோ அவருக்கே இரண்டு கையாலும் கொடுத்தாயிற்று. அந்த நேரம் போன் அடித்தது.

"அண்ணே, ஸ்டானி பேசுறேன். தீபாவளி வாழ்த்து. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாஸ்," என்றார் செத்த குரலில்.

"அக்கா முறுக்குல இரும்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

தம்புசாமி போனோடு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் சம்சாரம் வாயில வெச்சிருப்பா, நல்லவேளை துணி சுத்தியிருந்துச்சு. ஏன் அண்ணே, இத மொத நாளே கொண்டாந்து காட்டுறதுக்கு என்ன? கடைக்கு வாங்க."

"இன்னிக்கா? தீபாவளியாச்சே."

"எனக்கு இல்லையே."

புதுச் சட்டையோடு கிள்ளானுக்குப் பறந்தார். கடைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். நாற்காலி காலி. பின்பக்கம், கைலியை மடித்துக் கட்டி, வியர்வை சொட்ட, ஸ்டானிஸ்லாஸ் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பதினைந்து இருபது பெட்டி திறந்து கிடந்தது. ஒரு கையில் தம்புசாமியின் கருகிய பாயிண்ட். இன்னொரு கையில், மெழுகுத்தாள் பாதி பிரிந்தபடி, அதே அச்சில் வார்த்த ஒன்று. வெள்ளி மாதிரி மின்னியது.

"அண்ணே, இதுவா பாருங்க."

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திருகாணி ஓட்டை சரி. நீளம் சரி. தகடு வளைந்த வளைவு சரி. தம்புசாமிக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

"எவ்வளவு பாஸ்?"

"அத அப்புறம் பாக்கலாம். எனக்கு அது அடிக்கிற சத்தம் கேக்கணும். வாங்க, உங்க காடிகிட்ட போவோம்."

ஆக, தீபாவளி மத்தியானம், செந்தூல் அடுக்குமாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ஒரு புதுச் சட்டையும் ஒரு கைலியும் மோரிஸ் மைனருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தன. பாயிண்டைப் பூட்டினார்கள். பம்பின் தலையை மூடினார்கள். தம்புசாமி சாவியைத் திருப்பினார்.

டிக், டிக், டிக், டிக். ஐந்து. ஆறு. ஏழு. வேகமாக அடித்தது, பிறகு கார்புரேட்டர் நிரம்ப நிரம்ப நிதானமாயிற்று, டிக்... டிக்... பிறகு தானாக நின்றது.

"நின்னுடுச்சே!" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"நிக்கணும் பாஸ். வயிறு நெறஞ்சா நிக்கணும். அதுதான் சரி," என்றார் தம்புசாமி. ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி ஒரு தும்மல் தும்மி, பிறகு உறுமத் தொடங்கியது. மேலே எட்டாவது மாடிவரைக்கும் ஜன்னல்கள் திறந்தன. மறந்துபோய்ப் புதுச் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். புனிதா அதற்கும் திட்டவில்லை.

கல்யாண நாள். பிளாக் வாசலில் கறுப்பு பென்ஸ், சாமந்தி மாலையோடு, கண்ணாடி கறுத்து, அமைச்சர் மாதிரி நின்றது. முகுந்தன் கோட் போட்டு அதற்குப் பக்கத்தில் நின்றான். மணியைப் பார்த்தான், கொட்டகையிலிருந்து வாசலுக்கு ஏறும் மேட்டைப் பார்த்தான், மறுபடி மணியைப் பார்த்தான். பக்கத்து வீட்டு வாணி மூன்று பிள்ளைகளோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கையை விடுவாளா?

மேட்டுக்குக் கீழே முதலில் சத்தம் கேட்டது. பிறகு பச்சை மூக்கு தெரிந்தது. மல்லிகைச் சரம் முகப்பில் ஆட, மோரிஸ் மைனர் மேடேறி, ஒரு திணறல் இல்லாமல், யாரும் தள்ளாமல், சரியாக வாசலில் வந்து நின்றது. பள்ளி வேனை இருபத்தாறு வருடம் நிறுத்திய கை.

தாமரை பட்டுச் சேலையோடு இறங்கி வந்தாள். பென்ஸைப் பார்த்தாள். முகுந்தன் அதன் கதவைத் திறந்தான்.

"ஏசி போட்டு வெச்சிருக்கேன்மா. மேக்கப் கலையாது."

"தேங்க்ஸ் மாமா. சீர்த்தட்டுங்கள உங்க காடியில வைங்க, அதுங்களுக்கு வெயில் ஆகாது," என்று சொல்லிவிட்டு, தாமரை சேலையைக் கூட்டிப் பிடித்து மோரிஸில் ஏறினாள். வாணி கைதட்டினாள்.

கல்யாணப் பெண் போகும் வண்டியை முந்துவது மரியாதை இல்லை. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும், நாற்பதுக்கு மேல் போகாத மோரிஸுக்குப் பின்னால், பென்ஸ் தட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர்ந்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒரு லோரிக்காரன் ஹார்ன் அடித்து வாழ்த்தினான். தம்புசாமி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மகளையும் பார்த்தார், பென்ஸையும் பார்த்தார், இரண்டும் நன்றாகத் தெரிந்தது.

தாமரையின் போன் அடித்தது.

"மாமாதான்ப்பா. கொஞ்சம் வேகமா போகச் சொல்றாரு."

"நீ என்னம்மா சொல்ற?"

"மெதுவாவே போங்க," என்றாள் தாமரை. "எல்லாரும் நல்லா பாக்கட்டும்."