ஊதுபத்திப் புகை சாய்ந்த பக்கம்

‘கொடு, காப்பாற்று, நிறுத்து’ என்று மட்டுமே வேண்டத் தெரிந்த எனக்கு, முருகனிடம் ஒரு கேள்வியும் கேட்டுப் பார்க்கலாமே என்று முதன்முதலில் தோன்றியபோது, என் இடுப்பில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தான். கையில் ஊதுபத்தி. அடுப்பில் ஈர விறகு புகைகிற நெடி. போன வாரம், ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை அது. அன்று நடந்ததை, முருகனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். வாழ்க்கைப்பட்டது பூம்பாறையில், பூண்டு விவசாயக் குடும்பத்தில். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. தெருப் பக்கம் முன்னறை, அதன் பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் விறகு அடுக்கும் மூலை, அதை ஒட்டிக் கொல்லைக் கதவு. அடுப்புக்கு மேலே பரணில் அடுத்த நடவுக்கான விதைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். மழை மாதத்தில் அதற்குக் கீழே புகை இருந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஏறி அழுகிவிடும். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

என் மகன் குமரனுக்கு இப்போதுதான் ஒரு வயது முடிந்திருக்கிறது. சளி பிடித்தால் இழுப்பு வந்துவிடும். கொடைக்கானல் டாக்டர் மருந்து கொடுத்து, புகை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பூம்பாறையில் ஐப்பசியில் புகை படாத இடத்துக்கு நான் எங்கே போவேன்?

என் வீட்டுக்காரர் பூண்டு லோடோடு முந்தின நாளே வடுகபட்டிச் சந்தைக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா, என் அத்தை, ஒரு கல்யாணத்துக்காக வெள்ளனே கிளம்பினார்.

“ஏத்தா, நான் வெரசா வந்துருவேன். மத்த சோலியெல்லாம் அப்புறம் பாத்துக்க. பொகை மட்டும் நிக்கக் கூடாது, ஆமா.”

அவர் போன பிறகுதான் நாள் என் மேல் விழுந்தது. நாலு வயது வள்ளி சீப்பைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மூன்று நாளாகக் காயாத துணிகளை அடுப்படிக் கொடியில் போட்டால் எல்லாம் புகை நாற்றம். தோசை கருகியது. வள்ளியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் அவள் கத்துகிறாள், அவள் கத்தினால் முன்னறைத் தூளியில் குமரன் எழுகிறான், எழுந்தால் இருமல். பத்து மணிக்குள் அவன் நெஞ்சில் அந்த விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மருந்து கொடுத்தேன். டாக்டரிடம் போகலாமென்று சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை என்றார்கள். போன வருஷம் வாங்கிய செல்போனுக்கு எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது. பக்கத்து வீட்டு மாரியக்காவிடம் கொஞ்ச நேரம் பிள்ளையை அங்கே படுக்க வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“எங்க வீட்டுல மட்டும் என்ன பன்னீரா தெளிச்சிருக்கு? இங்கயும் அதே பொகைதான் கெடக்கு. வேணும்னா வா, எல்லாரும் சேந்து இருமுவோம்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்து, பூண்டு போனால் போகட்டும் என்று அடுப்பில் தண்ணீர் தெளித்தேன். ஈர விறகு அணையாமல் இரண்டு மடங்கு புகைந்தது. புகை வெளியே போகட்டும் என்று கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்தேன். குமரன் இன்னும் அதிகமாக இருமினான். அவன் விலா உள்வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. என் பயம் அப்போதுதான் உண்மையான பயமாயிற்று.

முன்னறைச் சுவரில் எங்கள் ஊர் முருகன் வேலப்பர் படம். ஊதுபத்தி ஏற்றினேன். காலையிலிருந்து ‘நிறுத்து முருகா, நிறுத்து’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரையும் வள்ளியை அதட்டுகிற மாதிரியே அதட்டிக்கொண்டிருக்கிறேனே என்று சட்டென்று உறைத்தது. கேட்டுப் பார்த்தால் என்ன?

“முருகா, நான் எதைப் பாக்காம இருக்கேன்?”

கட்டிலுக்கு அடியிலிருந்து வள்ளி, “யாருட்டம்மா பேசுற?” என்றாள்.

“சாமிட்ட.”

“என்ன சொல்லுச்சு?”

கண் ஊதுபத்தியில் நின்றுவிட்டது. அதன் புகை மேலே போகவில்லை. அடுப்படிப் பக்கமிருந்து யாரோ ஊதுவது மாதிரி வளைந்து, நேராகத் தூளியைப் பார்த்து ஓடியது.

கொல்லைக்குக் கீழே இருக்கும் பள்ளத்திலிருந்து ஏறும் மலைக்காற்று கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்து, அடுப்பைத் தாண்டி, அத்தனை புகையையும் என் பிள்ளை மேல் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. புகையை வெளியே அனுப்ப என்று நான் திறந்த கதவு! ஓடிப்போய்ச் சாத்தினேன். புகை நகராமல் வீடு முழுக்க நின்றது. மறுபடி திறந்தேன். ஊதுபத்தியோடு அடுப்பைத் தாண்டி விறகு மூலைக்குப் போனேன். அங்கே ஊதுபத்திப் புகை அடுப்பை நோக்கித் திரும்பி ஓடியது. அடுப்புக்கு அத்தனை பக்கத்தில், ஆனால் காற்று சுத்தம்!

விறகை ஒரு பக்கமாகத் தள்ளினேன். சாக்கு விரித்து, கம்பளி போட்டு, குமரனைப் போர்த்தி மடியில் வைத்து உட்கார்ந்தேன். புகை வெளியேற முன்கதவை வள்ளி திறந்துவிட்டாள். முதலில் இருமல் குறைந்தது. பிறகு விலா அடங்கியது. வள்ளிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதே விசில் சத்தம் தேய்ந்து, அவன் தூங்கிவிட்டான். நான் அழுதேன். வள்ளி என் முகத்தைத் துடைத்துவிட்டு, “பொகையாம்மா?” என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு அடுப்பில் மெல்லப் புகையை மூட்டினேன். ரோட்டில் கிடந்த மரத்தை வெட்டி வழிவிட்ட பிறகு, சாயங்காலம் அத்தை வந்தார்.

“அடிப்பாவி, புள்ளைய வெறகு மூலையிலயா போட்ட? காலேஜுல இதத்தான் படிச்சியா?”

ஊதுபத்தி ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். முன்னறையில் நின்று பார்த்தார். மூலையில் நின்று பார்த்தார். மறுபடி முன்னறைக்குப் போனார். “அட, ஆமாத்தா!” என்றார். மறுநாள் வந்த மகனிடம் முதல் வேலையாக, விறகு மூலை உத்தரத்தில் தூளிக்கு வளையம் அடிக்கச் சொன்னார். குமரனை அன்றே டாக்டரிடமும் காட்டினோம். நெஞ்சு தெளிந்திருந்தது. பரணில் பூண்டும் கெடவில்லை.

இது வெறும் காற்றோட்டம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். காற்றோட்டம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே படத்துக்கு முன்னால் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறேன். புகை எந்தப் பக்கம் போகிறது என்று அன்றுதான் பார்த்தேன். பார்க்க வைத்தவர் யார்? அவருக்குத்தான் என் நன்றி. நீங்களும் கை ஓய்ந்து போகிற ஒரு நாளில், ‘கொடு’ என்பதை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள்.

மாரியக்கா நாளைக்குத் தன் வீட்டுக்கு ஊதுபத்தியோடு வரச் சொல்லியிருக்கிறாள், போகிறேன். அதற்கு முன்னால், காலையில் வள்ளியை அதட்டி இழுக்கப் போவதில்லை. நானும் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கப் போகிறேன்: இதைக் கண்டா ஏன்டி ஓடுற?

என்ன சொல்வாளோ!