பாலத்தை மூடியவள்

மாநகராட்சிப் பாலப் பிரிவில் அவளுக்கு ‘விரிசல்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. பத்தொன்பது வருடமாக நகரத்துப் பாலங்களுக்கு அடியில் அண்ணாந்தபடி நடந்து, சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. கான்கிரீட் கெட்டியாக இருந்தால் ‘டங்’ என்னும். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தால் ‘டொக்கு’.

கடைத்தெருப் பாலத்தின் மூன்றாவது உத்தரம் முழுக்க டொக்கு. மேலே பஸ் ஏறியபோது அதிலிருந்த விரிசல் வாய் திறந்து, இறங்கியதும் மூடிக்கொண்டது. ‘பஸ், லாரிகளை உடனே நிறுத்தவும்’ என்று அறிக்கை எழுதினாள்.

தலைமைப் பொறியாளர் அதை மேஜையில் விட்டெறிந்தார்.

“ஏம்மா, ‘உடனே’வ எடுத்துட்டு ‘தொடர்ந்து கவனிக்கவும்’னு போட்டா உன் பேனா ஒடஞ்சா போயிடும்?”

“நீங்களே போட்டு, நீங்களே கையெழுத்து வைங்க சார்.”

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். அறிக்கை அப்படியே மேலே போனது.

ஒரே வாரத்தில் பாலத்தின் இரு முனையிலும் இரும்புத் தூண்கள் முளைத்தன. லாரிகள் சுற்றிப் போக, கடைகள் ஈயோட்டின. வியாபாரிகள் அலுவலகத்துக்கே வந்து கத்தினார்கள். யாரோ அவள் ஸ்கூட்டர் இருக்கையை பிளேடால் நீளமாகக் கிழித்திருந்தார்கள்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். பாலத்து முனையில் லாரி டயர் கடை வைத்திருந்த சொந்தத் தம்பியைத்தான் தாங்க முடியவில்லை.

“ஊர்ல எத்தனை பாலம் இருக்கு. என் கடை வாசல்ல இருக்கறதுதான் உன் கண்ணுல பட்டுதா?”

“நான் பொறுக்கி எடுக்கலடா. வரிசைப்படி வந்துச்சு.”

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வேற இடமாவது பாத்திருப்பேன்!”

“எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.”

அவன் நம்பவில்லை. அன்றோடு தம்பி மனைவியின் போனும் நின்றுபோனது. இரண்டே மாதத்தில் கடையை மூடிவிட்டான்.

நாலாம் மாதம் உத்தரத்தை உடைத்தார்கள். கட்டைவிரல் தடிமனில் இருக்கவேண்டிய கம்பிகள் குடைக்கம்பி போல வெளியே வந்தன. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தம்பியும் இருந்தான். ஒரு துண்டைப் பொறுக்கி வளைத்தான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“நீ சொன்னது சரிதான்,” என்றான். அவள் முகம் மலர்வதற்குள், “அதுக்காக நான் மன்னிச்சிடுவேன்னு நெனைக்காத,” என்றான்.

“மன்னிக்க நான் என்னடா தப்புப் பண்ணேன்?”

உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

அந்த வருடம் இன்னும் இரண்டு பாலங்களைத் தட்டிப் பார்த்தாள். இரண்டும் நன்றாகவே இருந்தன. அப்படியே எழுதினாள். நன்றி சொல்ல அலுவலகத்துக்கு ஒருவரும் வரவில்லை.