முட்டை லோடும் மஞ்சள் விளக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலை. நாமக்கல் பக்கத்திலிருந்து சேலத்துக்கு முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போனோம். வண்டியை ஓட்டியது நான்தான். பொம்பளை லோடு வண்டி ஓட்டுவதை எங்கள் ஊர் டீக்கடையில் இன்னமும் எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எங்களுக்குச் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டியில் முட்டையை ஏற்றி, என் கணவர்தான் சேலத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். அந்த வாரம் பண்ணையில் வழுக்கி விழுந்து, அவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. எங்கள் முட்டையில் பெரும்பங்கு சேலத்தில் ஒரு பாய் நடத்தும் பேக்கரிக்குத்தான் போகும். கேக் சீசனில் முட்டை வரவில்லை என்றால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் எங்கள் பாடு திண்டாட்டம். அதனால், லைசென்ஸ் வாங்கியும் ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்த என் கைக்குச் சாவி வந்தது. சாவியோடு அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழி நெடுகப் பாடம்தான். முட்டை வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சட்டென்று பிரேக் போட்டால் அடுக்கிவைத்த அட்டைகள் சரிந்துவிடும் என்று, சிக்னலில் மஞ்சள் விழுந்தாலும் நிறுத்த மாட்டார்கள். ஹாரனை அழுத்திக்கொண்டே போய்விடுவார்கள். மற்றவர்களும் "முட்டை வண்டி, பாவம்" என்று வழிவிட்டுப் பழகிவிட்டார்கள்.

"ஏ புள்ள, மஞ்ச உழுந்தா பிரேக்குல கால வெக்காத. அழுத்தீட்டுப் போயிரோணும்," என்றார்.

"செரிங்க," என்றேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் இப்படி எத்தனை 'செரிங்க' சொன்னேனோ, எனக்கே தெரியாது.

சேலம் டவுனுக்குள் ஒரு நாற்சந்தியை நெருங்கினோம். பச்சை எரிந்தது. நேரமாகிவிட்டதே என்று நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன். இடதுபக்க மூலையில் ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றதால், அந்தப் பக்கத்து ரோடு கண்ணுக்கே தெரியவில்லை. வண்டிகள் நிற்க வேண்டிய கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும்போதே மஞ்சள் விழுந்தது.

"அழுத்து, அழுத்து! போயர்லாம்!" என்று கத்தினார்.

அந்த நொடியில் எனக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை. டிரைவிங் ஸ்கூலில் பழகிய கால், புருஷன் பேச்சைக் கேட்காமல் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி கிறீச்சிட்டு, கோட்டைத் தாண்டி, ஆள் நடக்கிற இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் தடதடவென்று எதுவோ சரிகிற சத்தம். அது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போச்சு! எல்லாம் போச்சு! சொன்னாக் கேக்கறயா நீயி? உன்ற கையில வண்டியக் குடுத்தேன் பாரு..."

அவர் முடிக்கவில்லை. பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் விர்ரென்று எங்களுக்கு நேர் முன்னால் வந்தது. அவர்கள் பக்கம் இன்னும் சிகப்புதான். ஆனால் அங்கேயும் ஒரு பழக்கம் இருக்கிறதே! சிக்னலில் நொடிகளைக் காட்டும் எண்கள் குறைந்துகொண்டே வந்து கடைசி இரண்டு மூன்றைத் தொட்டதுமே முறுக்கிவிடுகிற பழக்கம். ஓட்டியவருக்குப் பின்னால் அவர் மனைவி, மடியில் துணிக்கடைப் பை. முன்னால் நின்றுகொண்டு ஒரு சின்னப் பெண், தலையில் உல்லன் குல்லாய், கையில் பாதி தின்ற பன்.

என் வண்டி நீட்டிக்கொண்டிருந்ததால் அவர் வளைத்து ஒடிக்க வேண்டியிருந்தது. கோபம் வந்துவிட்டது. காலை ஊன்றி நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, கோட்டத் தாண்டி வந்து நிக்கறியே, கண்ணு தெரியலையா? ஓட்டத் தெரியலைன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே!"

மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு என் கண் அந்தக் குழந்தை மேலேயே இருந்தது. அதுவும் என்னையே பார்த்தது. பிறகு பன்னை ஒரு கடி கடித்தது. ஸ்கூட்டர் போய்விட்டது.

நான் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. மறுபடி பச்சை விழுந்தபோது, அவர் ரொம்ப மெதுவாக, "பாத்துப் போ சாமி," என்றார். எங்கள் மகளை மட்டும்தான் அவர் சாமி என்று கூப்பிடுவார்.

பேக்கரி வாசலில் நிறுத்தியபோது வண்டியின் பின்கதவிலிருந்து மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது. பாய் வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றார். பழி என் தலையில்தான் விழப்போகிறது என்று நான் தயாராகிவிட்டேன்.

"நான் ஓட்டீருந்தா முட்டை முழுசா வந்திருக்கும்ங்க பாய்," என்றார் என் கணவர். கொஞ்சம் நிறுத்தி, "ஒரு குடும்பம் ஊடு போய்ச் சேந்திருக்காது," என்றார்.

நடந்ததைக் கேட்ட பாய் எங்களை உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார். "நல்லா இருக்கறத இறக்குங்க. மீதிய நாளைக்கு வாங்கிக்கறேன். ஆனா, நாளைக்கும் அம்மாதான் ஓட்டிட்டு வரணும்," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பல நாள் இதை யோசித்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தைப் பார்த்து நான் நிறுத்தவில்லை. பார்க்கவே முடியாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரியாததை அந்த மஞ்சள் விளக்கு சொன்னது, அவ்வளவுதான். நான் மெதுவாக வந்திருந்தால் முட்டையும் தப்பியிருக்கும். இப்போது சிக்னல் தூரத்தில் தெரியும்போதே நானும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன், கை சரியான பிறகு அவரும் அப்படித்தான். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "உங்களுக்கு மட்டும் பச்சையிலயே சிகப்பு தெரியுதுங்களா?" என்று மற்ற முட்டை வண்டிக்காரர்கள் கேலி செய்வதும் நடக்கிறது.

யாராவது என்னைத் திட்டினால் லேசில் மறக்கிற ஆள் இல்லை நான். அந்த ஸ்கூட்டர்காரர் திட்டியதையும் மறக்கவில்லை. ஆனால் அது காதில் கேட்கும்போதெல்லாம் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது, என்னைத் திட்டுவதற்கு அவர் உயிரோடு இருந்தாரே என்று.