பூஜ்ஜியத்தைக் கெடுத்த கேஸ்

நான் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வட்டாரத் தொழுநோய்ப் பதிவேடு தடியாக இருந்தது. விரல் மடங்கிய கையைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. கூட்டு மருந்து வந்தபின் வருடத்துக்கு வருடம் பெயர்கள் குறைந்தன. சில வருடங்களாகப் புதிய நோயாளி பூஜ்ஜியம் என்றே அறிக்கை அனுப்பினோம். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீடு வீடாகப் போகும்போது பெண்களின் முகத்தையும் முழங்கையையும் பார்த்து, 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு நடையைக் கட்டுவேன்.

சோமனூர் விசைத்தறிக் கூடம் ஒன்றிலும் அப்படித்தான் கிளம்பப் பார்த்தேன். தறி ஓட்டும் பெண் விடவில்லை. "ஏனுங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்று எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். வாங்கிய வேகத்தில் கீழே போட்டேன், அப்படிக் கொதித்தது. அவளோ அதைச் சுண்டுவிரலில் தாங்கி ஆற அமர நடந்து வந்திருந்தாள்.

"உனக்குச் சுடலையா அம்மணி?"

"அந்தப் பக்கம் சூடே தெரியறதில்லீங்க. தறி ஓட்டற கைதானுங்களே, காச்சுப்போச்சுங்க."

மறைவாகக் கூட்டிப்போய் ரவிக்கைக் கையை உயர்த்தச் சொன்னேன். மேல்கையில் வெளிறிய தேமல். கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் தொட்டேன். "இன்னும் தொடலீங்களா?" என்றாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. போன வருடம் இவளுக்கு 'இல்லை' என்று எழுதியவளும் நான்தான்.

மருத்துவர் தொழுநோய் என்று உறுதி செய்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "விரல் மடங்கிப்போனா அறுந்த இழைக்கு எப்படிங்க முடிச்சுப் போடறது?"

"மடங்க விடமாட்டேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது, முடியுமா என்று எனக்கே தெரியாது.

அலுவலகத்தில் ஒருவர், "நல்லா இருந்த பூஜ்ஜியத்தக் கெடுத்துப்போட்டீங்களே" என்று அலுத்துக்கொண்டார். "அது பொய்ப் பூஜ்ஜியமுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு வருடம், மாதம் தவறாமல் மாத்திரை அட்டையோடு அவள் முன்னால் போய் நின்றேன். நரம்புக்குத் தனி மருந்தும் கொடுத்தார்கள்.

கடைசி அட்டை முடிந்த வாரம் கூடத்துக்குப் போனேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தியவள் இமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டாள். ஐந்து விரலும் நேராக இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு. அவள் முந்திக்கொண்டு மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"தேமல் கீமல் இருந்தா ஒளிக்காமக் காட்டிப்போடுங்க. எனக்குத் தொழுநோய் வந்துச்சு, மாத்திரை தின்னேன், போயிருச்சு. இந்தா, கையப் பாருங்க!"

பக்கத்துத் தறிக்காரி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிடித்த கையை விடாமலே தன் ரவிக்கைக் கையை என் பக்கம் ஏற்றிக் காட்டினாள்.