செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்

தம்பிக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தபோது, புனே வழியாகப் போகச் சொன்னது நான்தான். கோயம்புத்தூரிலிருந்து நேராக டெல்லிக்கு வண்டி இருந்தது. ஏறிப் படுத்தால் டெல்லியில் இறங்கலாம். அதை விட்டுவிட்டுப் புனேயில் இறங்கி, இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கி, இங்கிருந்து கிளம்பும் வண்டியில் வடக்கே போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் போட்டு அவனைக் கரைத்தேன்.

"சுத்து வழிக்கா," என்றான். "மூட்டை முடிச்சோட ரெண்டு தடவை ஏறி எறங்கோணும்."

"கொழந்தைகளுக்கு அத்தனை நேரம் ஒரே ரயில்ல ஒத்துக்குமா? உன்ற பொண்டாட்டி லட்சுமி ரோட்டுல சேலை எடுக்கோணும்னு எத்தனை நாளா சொல்றா. டெல்லிக்குப் போயிட்டா அப்புறம் எப்ப வருவீங்க?"

சேலை என்றதும் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. அதோடு விஷயம் முடிந்தது.

சேலையும் குழந்தைகளும் சும்மா. எனக்கு வேண்டியது அப்பா. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஞ்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அப்பா தம்பியோடு இருந்தார். அவன் டெல்லிக்குப் போவதால் அவரும் போக வேண்டியதாயிற்று. அந்தக் குளிரில், தம்பி அங்கே பிடித்திருந்த மூன்றாவது மாடி வீட்டில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அவர் என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்னோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

நேராகக் கேட்டுவிடலாமே என்றார் என் வீட்டுக்காரர். அவர் வங்கியில் வேலை செய்பவர். எதையும் நேராகக் கேட்டுப் பழகியவர். எங்கள் குடும்பத்தில் அது நடக்காது. மகன் குத்துக்கல்லாக இருக்கும்போது பெண் போய் "அப்பாவை என்னிடம் விடு" என்றால், நீ அவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. தம்பி மனைவி ஆயுசுக்கும் பேசமாட்டாள். அப்பாவும் பெண் கொடுத்த வீட்டில் இரண்டு வேளைக்கு மேல் கை நனைக்காதவர். புனேயில் ஔந்த் பக்கம் நாங்கள் இந்த வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோதுகூட, விருந்து முடிந்த மறுநாளே வண்டி ஏறிவிட்டார். ஆகவே, இங்கேயே இருக்கிறேன் என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும். வரவழைப்பது என் சாமர்த்தியம்.

அதற்குத் தகுந்தபடி இரண்டு நாளுக்குத் திட்டம் போட்டேன். ஊர் சுற்றிப் பார்க்கிற கூட்டத்தை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். சனிவார்வாடா, பார்வதி குன்று, லட்சுமி ரோடு எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவுக்கு மட்டும் நான் வேறு புனேயை வைத்திருந்தேன். கட்கி பஜாரில் தமிழ்க்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கே முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கிடைக்கும். ஒரு நாள் பிந்தியாவது தமிழ்ப் பேப்பர் வந்துவிடும். பக்கத்திலேயே ஒரு முருகன் கோயில். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பூங்கா. அதில் சாயங்காலம் ரிடையர் ஆன தமிழ்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சனிவார்வாடாவைப் பார்த்து யாரும் ஓர் ஊரில் குடியேறுவதில்லை. சின்ன வெங்காயம் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் குடியேறுவார்கள்.

ஞாயிறு காலை வந்து இறங்கினார்கள். தம்பி, அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், அப்பா. குளித்துச் சாப்பிட்டதும் டெல்லி வண்டியின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த அப்பாவின் முகம் சுருங்கியது.

"செவ்வாக்கெழமை வடக்க சூலமப்பா. உனக்கு வேற நாளே கெடைக்கலியா?"

"அன்னைக்குத்தானுங்ப்பா பெர்த் இருந்துச்சு," என்றான் தம்பி. "பால் குடிச்சுட்டுக் கெளம்பீட்டாச் சரியாப் போச்சு. பரிகாரந்தானுங்களே."

"பால் குடிச்சா வயிறு நெறையும்," என்றார் அப்பா. டிக்கெட்டை மடித்து அவனிடமே நீட்டினார்.

அன்று சாயங்காலம் கூட்டம் சனிவார்வாடாவுக்குப் போனது. எனக்கு முட்டி வலி, நடக்க முடியாது, அப்பா துணைக்கு இருக்கட்டும் என்று சொல்லி நின்றுகொண்டேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் முட்டி வலி போய்விட்டது. அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கட்கிக்குக் கூட்டிப் போனேன். மளிகைக் கடைக்காரர் சேலத்துக்காரர். அப்பாவும் அவரும் மஞ்சள் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கடைக்கு வந்தவர்கள் ஒதுங்கிப் போகிற அளவுக்குப் பேசினார்கள். கோயிலில் பிரதட்சிணம் வந்தார். திரும்பும்போது முந்தின நாள் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பரவால்ல கண்ணு, எல்லாங் கெடைக்குதே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பூங்கா. அங்கே திருநெல்வேலிக்காரர் ஒருவர், "நாளைக்கும் வாங்க சார், எங்களுக்கு ஒரு கை குறையுது," என்று சீட்டுக் கட்டை ஆட்டிக் காண்பித்தார். அப்பா சிரித்தார். நாளைக்கு ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். "நீ கேளு" என்றார் மறுபடியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், எல்லோரும் கண் அசருகிற நேரத்தில், அப்பாவிடம் தனியாகக் கேட்டுவிடுவது என்று நானும் முடிவு செய்தேன். அவர் சம்மதித்துவிட்டால் தம்பியிடம் அவரே பேசிக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை வண்டி சாயங்காலம்தான். ஆனால் மூன்று மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் வீட்டுப்படி இறங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. ஸ்டேஷனில் போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வழிச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டி வைத்தேன். பந்தி முடிந்து, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, அப்பா இருந்த அறைக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய நீலப் பையைக் காணோம்.

"பை எங்கீங்ப்பா?"

"எதுத்த வீட்ல பரஸ்தானம் வெச்சுட்டேன் கண்ணு. காலைல ஹோரை நல்லா இருந்துச்சு."

பரஸ்தானம் என்பது எங்கள் வீட்டில் வழக்கம்தான். நாளோ திசையோ சரியில்லாதபோது பயணம் போக நேர்ந்தால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற சாமானில் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிஷமே பயணம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் ஆள் புறப்பட்டாலும் தோஷமில்லை. போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். அப்பாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. எதிர் வீட்டு மராத்திக்கார அம்மாவிடம், நாங்கள் காக்கூ என்று கூப்பிடுகிறவரிடம், பையை நீட்டிக் கும்பிட்டிருக்கிறார். அந்த அம்மாவும் ஏதோ பிரசாதம் என்று நினைத்தோ என்னவோ, மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பரஸ்தானம் வைத்தவர் கிளம்பிவிட்டவர். கிளம்பிவிட்டவரை இரு என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாளாகப் பேப்பரும் கோயிலும் காட்டிக்கொண்டு அலைந்தேனே, காலையிலேயே இந்த மனுஷர் என் வீட்டை விட்டுப் போய்விட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "நல்லதுங்ப்பா," என்று சொல்லிவிட்டு வந்து பாத்திரங்களைத் தேய்த்தேன். வேலைக்காரி வந்து தேய்க்க வேண்டிய பாத்திரங்கள் அவை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அமளி ஆரம்பித்தது. கீழே இரண்டு ஆட்டோ வந்து நின்றன. சின்னக் குழந்தை தூக்கத்தில் எழுப்பியதால் அழுதது. தம்பி மனைவிக்குச் சேலைப் பெட்டியை எந்தப் பைக்குள் திணிப்பது என்று தெரியவில்லை. தம்பி எல்லோருக்கும் பால் கொடுத்தான். ராகுகாலம் ராகுகாலம் என்று அப்பா அவசரப்படுத்தினார். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே முதல் ஆளாகப் படி இறங்கினார். நானும் இரண்டாவது ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

பிளாட்பாரத்தில் சாமான்களைக் கீழே வைத்த பிறகு, மாத்திரை போட வேண்டும் என்று அப்பா பையைத் தேடினார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சூலத்துக்காகப் பயணம் கிளம்பிய பை எதிர் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய வேட்டி, சட்டை, கண்ணாடி, மாத்திரை எல்லாம் அதில்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்குத்தான் நான் பால் போதும்னேன்."

என் வீட்டுக்காரர் பையைக் கொண்டுவர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. வண்டி வந்து நின்றது. குழந்தைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். தம்பி சாமான்களை பெர்த்துக்கு அடியில் தள்ளினான். அப்பா என்னோடு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்தது. பை வந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பை வரவில்லை. என் வீட்டுக்காரர் வெறும் கையோடு வந்தார். எதிர் வீடு பூட்டியிருக்கிறதாம். காக்கூ தங்கை வீட்டுக்கு நிக்டி போயிருக்கிறார், ராத்திரிதான் வருவார் என்று வாட்ச்மேன் சொன்னாராம்.

தம்பி வண்டியிலிருந்து இறங்கி வந்தான். நான் இரண்டு நாளாக எதற்குத் தவமிருந்தேனோ, அதை அவன் வாயாலேயே சொன்னான்.

"ஏனுங்ப்பா, மாத்துத் துணிகூட இல்லாம எப்படிங் வருவீங்க? அக்கா வீட்லயே இருங்க. அங்க போயி வீடு செட்டானதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ."

"ஆமாங்ப்பா, இருங்ப்பா," என்றேன். குரல் எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது, அத்தனை ஆசை அதில். "எத்தனை நாளானாலும் இருங்க. உங்க மாப்பிள்ளையும் அதத்தான் சொல்றாரு."

மாப்பிள்ளை தலையாட்டினார். தம்பி மனைவிகூட ஜன்னல் வழியாக, "இருங்க மாமா, அதுதான் நல்லது," என்றாள். உலகமே என் பக்கம் இருந்தது.

அப்பா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "பை பின்னால வரட்டும்," என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து வண்டியில் ஏறிவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சிக்னல் விழுந்துவிட்டதால் அவனும் ஏறினான். என் வீட்டுக்காரர் மாத்திரையாவது வாங்கி வருகிறேன் என்று மருந்துக் கடையைத் தேடி ஓடினார். நான் ஜன்னலுக்குப் போனேன். பெண் வீட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சொல்லப்போகிறார். அதற்கு நான் வைத்திருந்த பதில்கள் பத்துப் பேருக்குப் போதும். எல்லாவற்றையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "என்ற வீட்ல இருக்க அப்படி என்னங்ப்பா கௌரவக் கொறைச்சல்?" என்று கேட்டேன்.

அவர் தம்பி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அதில்ல கண்ணு. கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாளு உன்னைய இந்த ஊருக்கு வண்டி ஏத்தி விட்டேன். பாஷை தெரியாது, ஒருத்தரையும் தெரியாது. கூடப் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்கன்னு உன்ற அம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. பொண்ணு வீட்ல போயி இருக்கறதான்னு நான்தான் வரல. நீ எப்படிச் சமாளிச்சயோ. இவனும் இப்ப அப்படித்தான போறான். இந்தத் தடவை கூடப் போயர்றேன்."

வந்த புதிதில் கடைக்காரர் மராத்தியில் திட்டியது திட்டு என்றே புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றதும், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே கேட்காமல் அழுததும், இங்கே எல்லாம் சௌக்கியம் என்று அம்மாவுக்கு எழுதியதும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஒவ்வொரு தரமும் மறுநாளே வண்டி ஏறியிருக்கிறார்.

வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தேன். கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு வர வேண்டியதைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. ஆனாலும் "தம்பியப் பாத்துக்கோங்ப்பா" என்றுதான் வாயில் வந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி, நான் நின்ற பக்கமாகக் கையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையோடு ஓடி வருவதற்குள் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அன்றைக்கே என்னோடு வந்திருக்க வேண்டும் என்று சொன்னார் என்றேன்.